என் வீட்டில் நின்ற சகலையின் வண்டி

எனக்குப் பொறாமை உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துப் பெருமைப்பட வேண்டாம்.

ஊரில் எல்லோர்மீதும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் கார் வாங்கியபோது நான்தான் முதல் ஆளாகப் போய்க் கை கொடுத்தேன். ஆபீசில் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவனுக்குப் பதவி உயர்வு வந்தது. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிறகு மறந்துவிட்டேன். என் சகலை இசக்கிமணி ஒருத்தன் விஷயத்தில்தான் எனக்கு வயிறு எரியும். அவன் என் மனைவி அனுசியாவின் தங்கை அபியைக் கட்டியவன். ராணுவத்தில் ஹவில்தார். என்னைவிடப் பத்து வயது இளையவன். தொப்பை கிடையாது. இது போதாதா?

வீரகேரளம்புதூரில் இருக்கிறது எங்கள் மாமனார் வீடு. நான் அதே ஊர் தாலுகா ஆபீசில் எழுத்தர். குடியிருப்பது தென்காசியில். இருபது வருஷமாக வாரத்துக்கு ஒரு நாளாவது மாமனார் வீட்டுக்குப் போகிறேன். அந்த வீட்டுத் தண்ணீர் மோட்டார், மிக்ஸி, மாமாவின் மொபெட் எல்லாம் என் கையால்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. என்னைப் பார்த்ததும் மாமியார், "வாங்க, அந்த மிக்ஸி ஒரு மாதிரி கத்துது" என்பார். அவன் வருஷத்துக்கு ஒருமுறை வருவான். அவனைப் பார்த்ததும், "வாங்க, இப்படி இளைச்சுட்டீங்களே" என்பார். மீன் குழம்பில் நடுத்துண்டு அவன் தட்டுக்குப் போகும். ஃபேன் அவன் பக்கம் திரும்பும். எனக்கு வியர்க்காது போலிருக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருந்தேன். இந்த ஜூலையில் லீவுக்கு வந்தவன் ஒரு வண்டியோடு வந்தான். திருவனந்தபுரத்தில் அவனோடு வேலை பார்த்த ஒருவரிடம் வாங்கியது. சாலையில் மட்டும் ஓடுகிற சாதாரண வண்டி இல்லை. கல், சேறு, ஓடை, மலைத்தடம் எல்லாவற்றிலும் ஏறி இறங்குகிற வண்டி. உயரமான சீட், முன்னால் பெரிய கம்பிச் சக்கரம், பல் பல்லாக டயர். நான்கு வருஷமாகச் சாப்பிட்டதும் கட்டிலில் சாய்ந்து போனில் நான் வீடியோ பார்ப்பதெல்லாம் இந்த மாதிரி வண்டிகளைத்தான். எந்த கியரில் எந்த மேட்டை ஏற வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். ஆனால் நான் ஓட்டுவது பன்னிரண்டு வருஷப் பழைய நூறு சிசி வண்டி. நான் பார்த்துக்கொண்டே இருந்ததை அவன் வாங்கிக்கொண்டே வந்துவிட்டான்.

பூஜை போட எல்லோரும் பண்பொழி திருமலைக் கோயிலுக்குப் போனோம். அவன் வண்டியிலேயே மலைப்பாதையில் ஏறினான். நாங்கள் பின்னால் வேனில். மேலே நல்ல சாரல். பூசாரி இலையில் சந்தனமும் குங்குமமும் கொடுத்தார். அதை வாங்கி அவன் நேரே என் மனைவியிடம் நீட்டினான்.

"மதினி, நீங்க வைங்க. உங்க கை ராசியான கை."

அனுசியாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஹெட்லைட்டில் ஒரு பொட்டு, ஹேண்டில்பாரில் இரண்டு. பெட்ரோல் டேங்க் மூடியின் மேல் மட்டும் மிச்சமிருந்த சந்தனம் முழுவதையும் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். வைத்துவிட்டுத் தள்ளி நின்று சரியாக இருக்கிறதா என்று வேறு பார்த்தாள். என் வண்டிக்கும் பன்னிரண்டு ஆயுத பூஜை வந்துபோயிருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் நானேதான் பொட்டு வைத்துக்கொள்வேன். அவள் அடுப்படியில் சுண்டலோடு இருப்பாள். இறங்கும்போது வேனில் நான் யாரோடும் பேசவில்லை. மழையில் தலை நனைந்ததால் தலைவலி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம். வாசலில் அந்த வண்டி வந்து நின்றது. நின்றது என்றால், இசக்கிமணி அதைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின்னால் அபி, மழைக்கோட்டும் முதுகுப்பையுமாக நடந்து வந்தாள். அவர்கள் கொல்லத்துக்குப் புறப்பட்டவர்கள். செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை என்று மலை வழியே மூன்று நாள் பயணம். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"நல்லாத்தான் வந்துச்சு அண்ணாச்சி," என்றான் இசக்கிமணி. "தென்காசிக்குள்ள நுழையும்போது திக்கித் திக்கி நின்னுட்டு. பத்து நிமிஷம் கழிச்சு அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆவுது. இலஞ்சி தாண்டுனதும் மறுபடி நின்னு போச்சு. சர்வீஸ் சென்டர்ல கேட்டா சீசன் கூட்டம், பத்து நாளு ஆவும்ங்கான். எவனோ கழட்டுததுக்கு நீங்க பாருங்களேன்."

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! வாய் கோணிக்கொண்டு சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. மீசையைத் தடவுவதுபோல் கையால் மறைத்துக்கொண்டேன்.

"உள்ள கொண்டாந்து நிறுத்து. பாப்போம்," என்றேன்.

அபி என் பக்கத்தில் வந்து நின்றாள். "அத்தான், நாளைக்குள்ள சரியாயிருமா? கல்யாணம் முடிஞ்சு எட்டு வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் தனியா எங்கனயும் போனதில்ல. கோயிலுக்குப் போனாக்கூடப் பத்து பேரு. இவுக லீவு இருபத்தெட்டு நாளு, அதுல ஆறு நாளு போயிட்டு."

"உன் அத்தான் கை வச்சா ஓடாத வண்டி இருக்கா ஏட்டி?" என்றாள் அனுசியா. அவள் என்னைப் பாராட்டுகிற ஒரே விஷயம் அது. அதுவும் அவன் வண்டிக்காகத்தான் அன்று வந்தது.

அவர்கள் பஸ்ஸில் திரும்பிப் போனார்கள். மறுநாள் ஞாயிறு காலையில் வேலையைத் தொடங்கினேன்.

ஒரு வண்டி ஓட மூன்று விஷயம் வேண்டும்: தீப்பொறி, பெட்ரோல், காற்று. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கழற்றிப் பரப்புகிறவன் மெக்கானிக் இல்லை. காற்று வடிகட்டியைத் திறந்தேன், சுத்தமாக இருந்தது. சூடான பிறகுதான் நிற்கிறது என்றால் தீப்பொறிக்கு மின்சாரம் தருகிற காயில் மேல் சந்தேகம் வரும். குளிர்ந்திருக்கும்போது பொறி தந்துவிட்டு, சூடேறியதும் கையை விரிக்கிற காயில்கள் உண்டு. அதைச் சோதிக்க வண்டி நிற்கிற அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆகவே பிளக் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

நியாயமான காரணத்துக்குத்தான் எடுத்தேன். ஆனால் ஏறி உட்கார்ந்ததும் நாற்பத்தாறு வயதில் என் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. குற்றாலம் சாலையில் போய், பக்கத்தில் ஒரு குளத்துக்கரை மண்பாதையில் இறக்கினேன். பள்ளம் வந்தது. வண்டி அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எதிரே மலை முழுக்க மேகம். அருவி வெள்ளையாகத் தெரிந்தது. நான் வாய்விட்டுக் கத்தினேன். நல்லவேளை, வயலில் யாரும் இல்லை.

சரியாக இருபத்தைந்தாவது நிமிஷம் திக்கியது, நின்றது. பிளக்கைக் கழற்றி இன்ஜின் தலையில் வைத்து சுவிட்சை அழுத்தினேன். நீலமாகப் பொறி பறந்தது. காயில் மேல் குற்றமில்லை. அப்படியானால் பெட்ரோல். பிளக்கைத் திரும்பப் போட்டேன். ஒருவேளை டேங்க் காலியோ என்று சாவியைப் போட்டு மூடியைத் திறந்தேன்.

'புஸ்' என்று ஒரு சத்தம். உள்ளிருந்து காற்று வெளியே வரவில்லை. வெளிக்காற்றை டேங்க் உள்ளே இழுத்துக்கொண்டது. டேங்கில் முக்கால்வாசி பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டு ஸ்டார்ட்டரைத் தொட்டேன். பத்து நிமிஷமெல்லாம் காத்திருக்கவில்லை, உடனே உறுமியது.

எனக்கு விளங்கிவிட்டது. தண்ணீர்க் கேனைக் காற்றுப் போக வழியில்லாமல் கவிழ்த்தால் விக்கி விக்கிக் கொஞ்சம் ஊற்றிவிட்டு நின்றுவிடுமே, அதுதான் இது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்காக மூடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையைத் தேடினேன். கிடைக்கவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம் இருந்தது. மலையில் சாரலில் கரைந்து உள்ளே இறங்கி, பிறகு இன்ஜின் சூட்டில் காய்ந்து சிமென்ட் பூசிய மாதிரி இறுகிக் கிடந்தது. என் மனைவி ராசியான கையால் அப்பிய சந்தனம்.

குளத்துக்கரையில் தனியாக நின்று சிரித்தேன். வயிறு குளிர்ந்துபோயிற்று. அவ்வளவு ஆசையாக வைத்தாயே, அந்தச் சந்தனம்தான் உன் தங்கை மாப்பிள்ளையை நடுரோட்டில் நிறுத்தியிருக்கிறது என்று அனுசியாவிடம் சொல்ல வேண்டும் போல் நாக்கு துடித்தது. அதில் ஒரே ஒரு சங்கடம் இருந்தது. சொன்னால் சரிசெய்ய வேண்டும். ஓர் ஊசி போதும், இரண்டு நிமிஷ வேலை. மறுநாள் காலையில் அவன் வண்டியை எடுத்துக்கொண்டு, பெண்டாட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு, மலையேறிப் போய்விடுவான். நான் என் நூறு சிசியை உதைத்து ஆபீசுக்குப் போக வேண்டும்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. இசக்கிமணிதான்.

"பிடிபட்டுட்டா அண்ணாச்சி?"

சத்தியமாக, போனை எடுக்கும்வரை நான் எதுவும் முடிவு செய்திருக்கவில்லை. "பம்ப் மாதிரி தெரியுது மணி," என்றது என் வாய். "டேங்குக்குள்ள இருந்து பெட்ரோலத் தள்ளுது பாரு, அந்தப் பம்ப். சூடானா சோர்ந்து போவுது. மதுரையில இருந்து வரணும். சொல்லி வைக்கேன்."

"எத்தன நாளு ஆவும்?"

"ஒரு வாரம் வச்சுக்கோயேன்."

"சரி அண்ணாச்சி. நீங்க சொன்னாச் சரிதான்," என்றான்.

அவன் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அப்படி நம்பியதில் எனக்கு அவன்மேல் கோபம்தான் வந்தது. எல்லா நல்ல குணமும் இவனுக்கே வேண்டுமா?

அன்றிலிருந்து தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று அனுசியாவிடம் சொன்னேன். டிராக் பேன்ட், கேன்வாஸ் ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு வாக்கிங் போகிறவனைப் போலவே கிளம்புவேன். வண்டியைச் சத்தமில்லாமல் தெருமுனைவரை உருட்டிக்கொண்டு போய், அங்கேதான் ஸ்டார்ட் செய்வேன். ஒரு நாள் ஐந்தருவிப் பாதை, ஒரு நாள் பண்பொழி, ஒரு நாள் மேக்கரைப் பக்கத் தோப்புகளுக்குள் செம்மண் தடம். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஓரமாக நிறுத்தி மூடியைத் திறப்பேன். புஸ். மூடுவேன், கிளம்புவேன். சந்தனத்தைத் தொடவில்லை. வியாதி இருக்கும்வரைதானே நோயாளி என் வீட்டில் இருப்பான். ஏழு மணிக்குள் திரும்பி வந்து, சக்கரத்துச் சேற்றைக் கழுவித் துடைத்துப் பழைய இடத்தில் நிறுத்திவிடுவேன்.

பண்பொழியில் ஆறுமுகநயினார் என்று ஒருவர் டீக்கடை வைத்திருக்கிறார். மூன்றாவது நாள் அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி வண்டியா?" என்று கேட்டார்.

"ஆமா," என்றேன்.

"வண்டின்னா இதுல்லா வண்டி," என்றார். அன்று முழுவதும் ஆபீசில் எனக்குப் பசிக்கவே இல்லை.

இசக்கிமணி இரண்டு நாளைக்கு ஒருமுறை பஸ்ஸில் வந்தான். வெறுங்கையோடு வரமாட்டான், ஒரு தடவை மாம்பழம், ஒரு தடவை எனக்கு ஒரு டார்ச். "நீங்க கழட்டி மாட்டும்போது உதவும் அண்ணாச்சி." பம்ப் வந்ததா என்று ஒரே ஒருமுறை கேட்பான். இல்லை என்றால் மறுபடி கேட்கமாட்டான். வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பழைய பிரஷ்ஷால் செயினைத் துடைப்பான்.

"அபி கோவமா இருக்காளா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கோவம் ஒண்ணுமில்ல. தெனமும் காலைல அந்தப் பையைப் பிரிச்சு மறுபடி மடிச்சு வைக்கா. அதத்தான் பாக்க முடியல."

அப்போதாவது எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஒரு நிமிஷம் வந்தது. அதற்குள் அனுசியா அவனுக்கு மட்டும் வெங்காய பஜ்ஜி போட்டுக்கொண்டு வந்தாள். எனக்கும் அதே தட்டிலிருந்துதான் கொடுத்தாள் என்றாலும், தட்டை முதலில் நீட்டியது அவனிடம். இரக்கம் போய்விட்டது.

பத்தாம் நாள் சாயங்காலம் அவன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். முகம் ஒரு மாதிரி இருந்தது. யூனிட்டிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சமிருந்த லீவு ரத்து. நாளை மறுநாள் சாயங்காலம் தென்காசியில் ரயில் ஏற வேண்டும்.

"அடுத்த லீவு எப்பம்?" என்று கேட்டாள் அனுசியா.

"தெரியல மதினி. அடுத்த வருஷந்தான். வண்டிய அண்ணாச்சி வீட்டுலயே விட்டுட்டுப் போறேன். அவுக எடுத்து ஓட்டட்டும், சும்மா நின்னா கெட்டுப் போவும்."

நான் பத்து நாளாக ஆசைப்பட்டது அதுதான். அது என் கையில் தானாக வந்து விழுந்தபோது நான் நாட்களை எண்ணிப் பார்த்தேன். பத்து நாள். அவன் லீவில் பத்து நாளை நான் எடுத்துக்கொண்டேன். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் நான் என்ன பெயர் வைத்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

"பம்ப் இன்னைக்குத்தான் வந்துச்சு," என்றேன். "ராத்திரிக்குள்ள மாட்டிருதேன். நாளைக்கு ஒரு நாளாவது அபியக் கூட்டிட்டுப் போ."

அவன் போனதும் அனுசியாவின் தையல் டப்பாவிலிருந்து ஓர் ஊசியை எடுத்தேன். ஓட்டையில் குத்தித் திருகியதும் சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஊதினேன். இரண்டு நிமிஷம் என்று நினைத்திருந்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலையில் போனார்கள். சாயங்காலம் நான்கு மணிக்குத் திரும்பி வந்தார்கள். அபி தொப்பலாக நனைந்திருந்தாள். பல் கிட்டிக்கொண்டது, ஆனாலும் சிரித்தாள். ஆரியங்காவு வரைதான் போக முடிந்ததாம். அதற்கு மேல் மழை கண்ணை மறைத்ததாம். "தென்மல போர்ட பாத்தேன் அத்தான். போர்ட மட்டும்தான் பாத்தேன்," என்றாள். இசக்கிமணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"ஒரு இடத்துல நிக்கல அண்ணாச்சி. கழட்டுன பம்ப் எங்கன இருக்கு? குடுங்க, கொண்டுபோறேன். யூனிட்ல ஒரு மெக்கானிக் இருக்கான், எதுல போச்சுன்னு பிரிச்சுப் பாப்பான்."

எங்கள் பக்கம் ரிப்பேர் பார்க்கிறவன் கழற்றிய சாமானை ஒரு கவரில் போட்டு உடைமைக்காரன் கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் மாற்றவே இல்லை என்று அர்த்தம். அதில் நான் ரொம்பக் கறார். மாமியாரின் மிக்ஸியில் தேய்ந்துபோன சின்ன கார்பன் துண்டைக்கூடப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவன் நான். அவன் கை நீட்டிக்கொண்டு நின்றான். எனக்கு உச்சந்தலையில் வியர்த்தது. குப்பையில் போட்டுவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன். இருபது வருஷமாக என்னைத் தெரிந்தவர்கள் யாரும் அதை நம்பமாட்டார்கள்.

"பம்பெல்லாம் மாத்தல தம்பி," என்றாள் அனுசியா.

அவள் காபித் தட்டோடு நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"தப்பு எம்மேலதான். அன்னைக்கு மலையில மூடி மேல அவ்வளவு சந்தனத்த அப்பினேம்லா, அது உள்ள போயி காத்துப் போற ஓட்டைய அடச்சிக்கிட்டு. இவுக பம்ப்புன்னே நெனச்சிக்கிட்டு அதுக்குக் காத்துக்கிட்டு இருந்துட்டாக. நேத்துத்தான் மூடியப் பாத்தாக. உண்மையச் சொன்னா நான் வருத்தப்படுவேன்னு பம்ப் மாத்துனதாச் சொல்லிட்டாக. நீங்க இவுகள ஒண்ணும் நெனச்சுக்கிடாதீங்க."

இசக்கிமணி ஒரு நொடி விழித்துவிட்டு, "அட, சந்தனமா!" என்று சிரித்தான். "விடுங்க மதினி, இதுக்குப் போயி."

அபி சிரிக்கவில்லை. "பத்து நாளு அக்கா," என்றாள். "ஒரு பொட்டு வச்சா காணாதா? எதுலயும் அள்ளி அப்புததுதான் உனக்குப் பழக்கம். எட்டு வருஷத்துல எனக்குன்னு கெடச்ச பத்து நாளு அது."

"ஏட்டி, வேணும்னா செஞ்சேன்?"

"வேணும்னு செஞ்சா என்ன, செய்யாட்டா என்ன? போனது போனதுதான்."

அவள் அழுதாள். காபியைத் தொடவில்லை. இசக்கிமணி அவள் தோளைத் தட்டிக் கூட்டிக்கொண்டு போனான். போகும்போது அபி அக்காவிடம் வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த இரண்டு பேரும் தினமும் போனில் ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? காபி குடித்தேன். டம்ளரை வாயிலிருந்து எடுத்தால் பேச வேண்டியிருக்குமே என்று கடைசிச் சொட்டு வரைக்கும் எடுக்கவில்லை.

அனுசியா உள்ளே போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள். பாவம், நான் அவளைக் காட்டிக் கொடுக்காமல் காப்பாற்றியதாக நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் என்னை நல்லவனாக நினைப்பதைத்தான் தாங்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய் நின்றேன்.

"அனு, நேத்து இல்ல. மொத நாளே கண்டுபிடிச்சிட்டேன். எனக்கு அவன் மேல பொறாம. அதான் சொல்லல."

அவள் திரும்பவில்லை. "தெரியும்," என்றாள்.

"எப்படி?"

"உங்க பேன்ட்ட யாரு துவைக்கா? வாக்கிங் போனவருக்கு முட்டி வரைக்கும் செம்மண் எப்படி வரும்? பெட்ரோல் வாடை எப்படி வரும்? தெருமுக்கு வரைக்கும் வண்டிய உருட்டிட்டுப் போறத மாடியில நின்னு பாத்தேன். பத்து நாளும் பாத்தேன். நேத்து ராத்திரி என் ஊசியில சந்தன வாசன அடிச்சுது. போயி மூடியப் பாத்தேன், சந்தனத்துக்கு நடுவுல ஊசி ஓட்டை தெரிஞ்சுது. அப்பம்தான் மீதியும் விளங்குச்சு."

"பின்ன எதுக்குப் பழிய உம்மேல போட்டுக்கிட்ட? நான் இப்பமே அபிக்குப் போன் போட்டுச் சொல்லிருதேன்."

"என்னன்னு சொல்லுவீங்க? எங்கூடப் பொறந்தவ, எம்மேல கோவிச்சா தீவாளிக்குள்ள பேசிருவா. உங்க மேல கோவிச்சா அது போவாது. என் வீட்டுக்காரரு பொறாம பிடிச்ச மனுசன்னு அவ வாயால நான் கேக்கணுமா?"

அவள் கடைசி டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அவள் கோபமாக இருந்தாள்.

"தம்பி வண்டிய நீங்க எடுத்துட்டுப் போனதுகூட எனக்குப் பெருசாத் தெரியல," என்றாள். "தெனமும் சிரிச்ச மொகமா வந்து எறங்குனீங்க. இருபது வருஷத்துல உங்கள அப்படி நான் பாத்ததில்ல. நாளைக்குக் கூப்பிடுவாக, நாளைக்குக் கூப்பிடுவாகன்னு அஞ்சு மணிக்கு முன்னால எந்திரிச்சு, மொகத்தக் கழுவிட்டு, மாடியில நின்னேன். ஒரு நாளாவது என்னைய ஏத்திக்கிட்டுப் போவோம்னு தோணலயா உங்களுக்கு?"

தோன்றவில்லை. பத்து நாளில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அந்த வண்டியில் பின்சீட் ஒன்று இருந்ததே அவள் கேட்ட பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.